குர்குமினை ஏற்ற எந்தப் பாலிமர்? ப்ளூரானிக், சோலுபிளஸ், பெக்-பி.எல்.ஏ.: ஓர் ஒப்பீடு

ஈரோடு, குமாரபாளையம், கோவை வட்டாரத்துப் பார்மசி கல்லூரிகளில் எம்.பார்ம். ஆய்வுக்கு மருந்து தேடும்போது மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினின் பெயர் எப்படியும் பேச்சில் வந்துவிடும். மஞ்சள் நம் ஊர்ப் பயிர். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 95 சதவீதம் குர்குமின் வகைகள் கொண்ட மஞ்சள் சாறு வாங்குவது எளிது. தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்துகளுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பதும் அரிது. சுத்தத் தண்ணீரில் இதன் கரைதிறன் மில்லிக்கு நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். கரைந்தால் தெளிந்த மஞ்சள், கரையாவிட்டால் கலங்கிய மஞ்சள். எந்தக் கருவியும் தொடாமல் கண்ணாலேயே முதல் தீர்ப்பைச் சொல்லிவிடலாம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. தண்ணீரில் தானாகக் கூடி, மருந்தை உள்ளே வைத்துக்கொள்ளும் மைசெல் என்ற நுண்ணுருண்டை ஆகும் பாலிமர்கள் பல உண்டு. கல்லூரியின் பணமோ சிறு ஆலையின் பணமோ ஒன்றிரண்டுக்குத்தான் போதும். எதை வாங்குவது? பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டி, ‘மில்லிக்கு இத்தனை மி.கி. கரைத்தது’ என்ற எண் எதில் பெரிதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அளவுகோல் தவறு. சீசாவுக்குள் எவ்வளவு கரைந்தது என்பது பாதிக் கணக்கு. உடம்புக்குள் போய் நீர்த்த பிறகு எவ்வளவு கரைந்தபடியே நிற்கிறது என்பதுதான் முழுக் கணக்கு. வாய்வழி மருந்துக்கு அந்தக் கணக்கு ஒரு விடையும் ஊசி மருந்துக்கு வேறு விடையும் தரும். அதனால் பாலிமரின் பெயருக்கு முன்னால் மருந்து போகும் வழியை முடிவு செய்யுங்கள்.

முதலில் நீர்த்தல் கணக்கு

இந்தப் பாலிமர்களில் ஒரு பகுதி தண்ணீரோடு ஒட்டும், மற்றொரு பகுதி தண்ணீரை விட்டு விலகும். செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் விலகும் பகுதிகள் உள்ளே ஒதுங்கும், ஒட்டும் பகுதிகள் வெளியே விரியும். இப்படி 10 முதல் 100 நானோமீட்டர் வரையிலான உருண்டைகள் தாமாக உருவாகின்றன. மருந்து உள்ளகத்தில் தங்குகிறது. அந்த எல்லைச் செறிவுக்கு சி.எம்.சி. என்று பெயர். செறிவு அதற்குக் கீழே இறங்கினால் உருண்டை பிரியும், மருந்து வெளியே தள்ளப்பட்டுப் படிகமாகும்.

ஊசி வழியை எடுத்துக்கொள்வோம். 1 சதவீதப் பாலிமர் கரைசலில் 5 மில்லியை ரத்தக்குழாயில் செலுத்துகிறோம் என்றால், 50 மி.கி. பாலிமர் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் கலக்கிறது. லிட்டருக்கு 10 மி.கி. மட்டுமே மிஞ்சும். ப்ளூரானிக் எஃப்127-இன் சி.எம்.சி. 37 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 மி.கி. டி.பி.ஜி.எஸ். என்ற மற்றொரு மைசெல் பொருளுக்கு அது 200 மி.கி. இரண்டுமே தோற்றுவிடுகின்றன. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலியோடு பாலிலாக்டைடு அல்லது பாலிகேப்ரோலாக்டோன் சங்கிலியை இணைத்த பெக்-பி.எல்.ஏ., பெக்-பி.சி.எல். வகைகளில் சங்கிலி நீளத்தைப் பொறுத்து லிட்டருக்குச் சில மி.கி. அளவில்தான் சி.எம்.சி. இருக்கும் என்பதால் அவை ஒட்டிப் பிழைக்கின்றன.

இப்போது வாய்வழி. ஒரு கிராம் பாலிமர், ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 250 மில்லி. லிட்டருக்கு 4,000 மி.கி. வருகிறது. எஃப்127 தன் எல்லைக்கு நூறு மடங்குக்கு மேலே நிற்கிறது, டி.பி.ஜி.எஸ். 20 மடங்கு மேலே. சோலுபிளஸின் சி.எம்.சி. லிட்டருக்கு 7.6 மி.கி. மட்டுமே; அது 500 மடங்கு மேலே நிற்கிறது. மூன்றும் தேறிவிட்டன. ஆகவே வாய்வழி மருந்துக்கு ‘எங்கள் பாலிமரின் சி.எம்.சி. மிகக் குறைவு’ என்ற பெருமைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: உள்ளகம் மருந்தை எவ்வளவு பிடிக்கிறது? படிகமாவதை எத்தனை மணி நேரம் தடுக்கிறது? பித்த உப்புகளோடு கலந்த பின்னும் தாங்குகிறதா?

ப்ளூரானிக் எஃப்127: மலிவு, எளிது, குளிர் ஆகாது

போலாக்சமர் 407 என்றும் இதையே சொல்கிறார்கள். நடுவில் 65 அலகு புரொப்பிலீன் ஆக்சைடு, இரு பக்கமும் நூறு நூறு அலகு எத்திலீன் ஆக்சைடு. மூலக்கூறு எடை சுமார் 12,600. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 407 இல்லை, 188 இருக்கிறது என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். 188-இல் தண்ணீரை விலக்கும் பகுதி 30 அலகுக்குள்தான் வரும். சாதாரண வெப்பத்தில் மைசெல்லே சரியாகக் கூடாது. பிறகு ‘ப்ளூரானிக் வேலை செய்யவில்லை’ என்று அறிக்கையில் எழுத வேண்டிவரும்.

தயாரிப்பு எளிது. குர்குமின் 10 மி.கி., எஃப்127 400 மி.கி. இரண்டையும் 10 மில்லி எத்தனாலில் கரைத்து, 100 மில்லி வட்டக் குடுவையில் ரோட்டரி எவாப்பரேட்டரில் (குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) ஆவியாக்கி மெல்லிய படலமாக்குங்கள். 35 முதல் 40 டிகிரியில் உள்ள 10 மில்லி தண்ணீரை ஊற்றிச் சுழற்றினால் சில நிமிடங்களில் தெளிந்த மஞ்சள் கரைசல் வரும். கணக்குப்படி மில்லிக்கு 1 மி.கி. மருந்து. மருந்து ஏற்றம், அதாவது மொத்த எடையில் மருந்தின் பங்கு, 2.4 சதவீதம்தான். இது குறைவு, குறைவு என்று ஒப்புக்கொண்டுதான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரொப்பிலீன் ஆக்சைடு உள்ளகம் அவ்வளவு கடுமையாக நீரை விலக்குவதில்லை என்பதால் குர்குமினை அதிகம் பிடித்துக்கொள்ளாது.

இதன் உண்மையான பலவீனம் வெப்பநிலை. எத்திலீன் ஆக்சைடும் புரொப்பிலீன் ஆக்சைடும் குளிரில் தண்ணீரோடு நன்றாக ஒட்டும்; சூடு ஏற ஏறத்தான் நடுப்பகுதி விலகி உள்ளே ஒதுங்கும். 37 டிகிரியில் லிட்டருக்கு மி.கி. பத்துகளில் இருக்கும் சி.எம்.சி., 25 டிகிரியில் கிராம் கணக்குக்கு ஏறிவிடும். 1 சதவீதக் கரைசல் 22 டிகிரி ஏ.சி. அறையில் எல்லைக்கோட்டிலேயே ஊசலாடும். ஈரோட்டில் ஏப்ரல் மாதம் 35 டிகிரி மேசையில் தெளிவாக நின்ற அதே செய்முறை, கோவையில் குளிரூட்டிய ஆய்வகத்தில் கலங்குவதற்குக் காரணம் இதுதான். கை மாறியதால் வந்த பிழை அல்ல.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, ‘மருந்து கெடக்கூடாது’ என்று கரைசலை ஃப்ரிட்ஜில் வைப்பது. 4 டிகிரியில் எஃப்127 மைசெல்கள் பிரிந்துவிடும். காலையில் சீசாவின் அடியில் ஆரஞ்சு நிறப் படிவு இருக்கும். திரும்பச் சூடாக்கினால் மைசெல் கூடும். ஆனால் ஏற்கெனவே படிகமான குர்குமின் அவ்வளவு எளிதில் உள்ளே திரும்பாது. எஃப்127 கரைசலை 25 முதல் 30 டிகிரியில், இருட்டில் வையுங்கள், அல்லது உறைய வைத்து உலர்த்திப் பொடியாக வையுங்கள். மறுபக்கம், 18 முதல் 20 சதவீதத்துக்கு மேல் போனால் அறை வெப்பத்திலேயே ஜெல் ஆகிவிடும். அந்த அளவில் கரைக்க வேண்டுமானால் மட்டும் பனிநீரில் கரைப்பது சரி.

விலங்கு ஆய்வு நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலிகளின் வயிற்றறைக்குள் போலாக்சமர் 407 அதிக அளவில் செலுத்தினால் ரத்தக் கொழுப்பு கடுமையாக ஏறும். ரத்தக் கொழுப்பு ஏறிய எலி மாதிரியை உருவாக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள். குர்குமினின் கொழுப்புக் குறைப்பை எஃப்127-இல் ஏற்றி அந்த வழியில் சோதித்தால் கிடைக்கும் முடிவில் எது மருந்தின் வேலை, எது பாலிமரின் வேலை என்று பிரிக்கவே முடியாது.

இன்னொரு ப்ளூரானிக் வகையான பி123, டி.பி.ஜி.எஸ். இரண்டும் தனியாக நிற்பதைவிடத் துணையாக நன்றாக இருக்கும். பி123-இல் எத்திலீன் ஆக்சைடு ஓரங்கள் 20 அலகுதான். உள்ளகம் குர்குமினை அதிகம் பிடிக்கும், ஆனால் தனியாக விட்டால் பெரிய திரள்களாகப் போகும் போக்கு உண்டு. எஃப்127-ஓடு கலந்தால் அது உள்ளகத்தைத் தரும், எஃப்127 வெளிப்போர்வையைத் தரும். டி.பி.ஜி.எஸ். வைட்டமின் ஈ-யிலிருந்து வருவது, எடை சுமார் 1,500. குடல் செல்களில் மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீனை இது தடுக்கிறது. வாய்வழிக்கு அது கூடுதல் லாபம். மெழுகுபோல் இறுகியிருக்கும். டப்பாவை 45 டிகிரி நீரில் வைத்து முழுவதையும் உருக்கிக் கலக்கிய பின்தான் நிறுத்து எடுக்க வேண்டும். மேலாகச் சுரண்டி எடுக்காதீர்கள்.

சோலுபிளஸ்: வாய்வழிக்கு எங்கள் முதல் தேர்வு

பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் பாலிமர் இது. பெக் 6000 முதுகெலும்பில் வினைல் கேப்ரோலாக்டமும் வினைல் அசிடேட்டும் ஒட்டியது; எடை விகிதம் 13 : 57 : 30. மூலக்கூறு எடை 90,000 முதல் 1,40,000 வரை. மைசெல் 60-70 நானோமீட்டர் அளவில் வரும். எஃப்127-ஐவிட இதன் உள்ளகம் குர்குமினை அதிகம் ஏற்கிறது. 1 : 9 விகிதத்தில் தொடங்கலாம், அதாவது 10 சதவீத ஏற்றம்.

இதன் பெரிய பலம் வேறொன்று. ஒரே பாலிமர் திடக் கலவையாகவும் (மருந்து பரவிக் கிடக்கும் உலர்ந்த பாலிமர்) மைசெல்லாகவும் வேலை செய்கிறது. குர்குமின் 1 கிராம், சோலுபிளஸ் 9 கிராம் இரண்டையும் எத்தனாலில் கரைத்து, ஆவியாக்கி, 40 டிகிரி வெற்றிட அடுப்பில் ஓரிரவு உலர்த்தி, பொடித்து, 60 மெஷ் சல்லடையில் சலித்தால் காப்ஸ்யூலில் நேரே நிரப்பலாம். வயிற்றில் தண்ணீர் பட்டதும் மைசெல் அங்கேயே உருவாகிறது. சீசா, குளிர், படிவு என்ற கவலை எதுவும் இல்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு சிறு ஆலை உண்மையிலேயே விற்பனைக்குக் கொண்டுபோக நினைத்தால், திரவ மைசெல்லைவிட இந்தப் பொடிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தொல்லைகளும் உண்டு. தண்ணீரில் நேரே கொட்டினால் பசைபோல் கட்டி கட்டியாக மிதக்கும். வேகமாகச் சுழலும் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவி, ஓரிரவு விட்டுவிட வேண்டும். சூடாக்கி அவசரப்படுத்தினால் நேர்மாறாகப் போகும். இதன் கரைசல் சுமார் 40 டிகிரியில் பால்போல் கலங்கும், உப்பு சேர்ந்தால் அதற்கும் கீழேயே. கத்திரி வெயிலில், மின்விசிறி மட்டும் உள்ள அறையில், மதியம் சீசா வெளுத்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். 25 டிகிரிக்கு ஆற விட்டுப் பாருங்கள். பாலிமரால் வந்த கலக்கம் தெளியும், மருந்து படிந்ததால் வந்த கலக்கம் தெளியாது. எஃப்127 ஃப்ரிட்ஜுக்குப் பயப்படுகிறது, சோலுபிளஸ் கோடைக்குப் பயப்படுகிறது. ஊரையும் அறையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம்.

திடக் கலவையில் இன்னொரு பொறி. சூடாக்கும்போது உருகலைக் காட்டும் டி.எஸ்.சி. வரைபடத்தில் 180 டிகிரிப் பக்கம் வர வேண்டிய குர்குமின் உருகல் குழி காணவில்லை என்றால், படிகம் இல்லை என்று உடனே எழுதிவிடுகிறார்கள். சூடாக்கும்போதே மருந்து இளகிய பாலிமரில் கரைந்துபோவதாலும் அந்தக் குழி மறையும். எக்ஸ்-கதிர் சிதறலில் கூர்முனைகள் இல்லை என்று காட்டினால்தான் அந்த வாக்கியம் நிற்கும். சோலுபிளஸின் கண்ணாடி நிலைமாற்றம், அதாவது விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 70 டிகிரி. ஈரம் ஏறினால் அது இறங்கும். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்ற துரிதச் சோதனையில் பொடியைத் திறந்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அலுமினிய உறையும் சிலிக்கா பொட்டலமும் செய்முறையின் பகுதி என்றே கொள்ளுங்கள்.

பெக்-பி.எல்.ஏ., பெக்-பி.சி.எல்.: ஊசிக்கு மட்டும்

டாக்சால் ஊசியில் புற்றுநோய் மருந்தான பக்ளிடாக்சல் மில்லிக்கு 6 மி.கி. இருக்கும், கரைப்பான் கிரெமோஃபார் ஈ.எல்., எத்தனால் இரண்டும் பாதிப் பாதி. கிரெமோஃபார் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படுவது. கடும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பும் கொடுத்துத்தான் ஏற்றுவார்கள். பி.வி.சி. பையிலிருந்து பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் இளக்கியையும் அது உறிஞ்சும். இதை மாற்றத்தான் மீத்தாக்சி-பெக், பாலிலாக்டைடு இரண்டையும் இணைத்த மைசெல்லில் பக்ளிடாக்சலை ஏற்றி ‘ஜெனெக்ஸால்-பி.எம்.’ வந்தது, தென்கொரியா 2007-இல் ஒப்புதல் தந்தது. வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 175 மி.கி. கொடுக்கும் இடத்தில் மார்பகப் புற்றுக்கான இரண்டாம் கட்டச் சோதனையில் 300 மி.கி. வரை கொடுத்தார்கள். இந்தியாவில் டாபர் பார்மா ‘நானோக்செல்’ என்ற பெயரில் வேறொரு பாலிமர் மைசெல்லில் பக்ளிடாக்சலைக் கொண்டுவந்தது.

இந்த வெற்றியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெனெக்ஸால் மைசெல் கட்டியைத் தேடிப்போய் மருந்தைக் கொட்டுவதில்லை. ரத்தப் புரதங்கள் இந்த மைசெல்லைச் சீக்கிரமே கலைத்துவிடும், மருந்து புரதங்களுக்கு மாறிவிடும். அதன் சாதனை கிரெமோஃபாரை ஒழித்தது. அது சிறிய சாதனை அல்ல. ஆனால் ‘இலக்கு நோக்கிய விநியோகம்’ என்று ஆய்வுத் தலைப்பில் எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள்.

பி.எல்.ஏ-வா, பி.சி.எல்-ஆ? டி,எல்-லாக்டைடிலிருந்து வரும் பி.எல்.ஏ. படிகமாகாது, நீரேற்றம் எளிது. தண்ணீரில் மெல்ல மெல்ல அறுபடும் என்பதால் கரைசலாகப் பல வாரம் வைக்க முடியாது. பி.சி.எல். உள்ளகம் பாதிப் படிகம், 60 டிகிரிப் பக்கம் உருகும். மிக மெதுவாகச் சிதையும், நீர்த்தலை நன்றாகத் தாங்கும். ஆனால் உலர்ந்த படலத்தைச் சாதாரணத் தண்ணீரில் எழுப்பவே முடியாது. அதற்கு அசிட்டோன் முறைதான் சரி: குர்குமின் 5 மி.கி., பாலிமர் 50 மி.கி. இரண்டையும் 2 மில்லி அசிட்டோனில் கரைத்து, சுழலும் 10 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, அசிட்டோனை ஆவியாக்க வேண்டும். பி.எல்.ஏ-வுக்குப் படலமுறை நன்றாக வரும்: குர்குமின் 10 மி.கி., மீத்தாக்சி-பெக் 2000–பி.எல்.ஏ. 2000 வகையில் 100 மி.கி., அசிட்டோன் 4 மில்லி. படலத்தின் மேல் 50–60 டிகிரித் தண்ணீர் 10 மில்லி.

விலைதான் இங்கே தடை. எஃப்127 கிலோ கணக்கில் வரும், இது கிராம் கணக்கில். டப்பா மைனஸ் 20-இலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே படியும் ஈரமே பாலிமரை அறுத்துவிடும்.

நாமே தயாரித்தால் என்ன என்ற கேள்வி உடனே எழும். தயாரிக்கலாம். மீத்தாக்சி-பெக் 2000 இரண்டு கிராம், டி,எல்-லாக்டைடு இரண்டு கிராம், வினையூக்கியாக ஸ்டானஸ் ஆக்டோயேட் எடையில் 0.2 சதவீதம், நைட்ரஜன் சூழல், 130 டிகிரி, 6 மணி நேரம். ஆறியதும் குறைந்த அளவு டைகுளோரோமீத்தேனில் கரைத்து, பத்து மடங்குக் குளிர்ந்த டைஈத்தைல் ஈதரில் வீழ்படிவாக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, கெடுப்பது ஈரம். இரண்டு கிராம் பெக் 2000 என்பது 1 மில்லிமோல். அதில் 1 சதவீத ஈரம் இருந்தால் 20 மி.கி. தண்ணீர், அதாவது 1.1 மில்லிமோல். பெக் தொடங்கும் சங்கிலிகளுக்குச் சமமாகத் தண்ணீரும் சங்கிலிகளைத் தொடங்கிவிடும். கிடைக்கும் சங்கிலிகளில் பாதி, பெக் இல்லாத வெறும் பி.எல்.ஏ. அது மைசெல்லாகாது, வெள்ளைத் துகளாக வடிகட்டியை அடைக்கும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கும் நாள்களில் பெக் பொடி திறந்த தட்டிலேயே ஈரம் குடிக்கும். டொலுவீனோடு சேர்த்து வடித்து நீரை நீக்குங்கள், அல்லது வெற்றிடத்தில் 80 டிகிரியில் உருக்கி நான்கு மணி நேரம் வையுங்கள். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். அளவீட்டில் 3.6 பி.பி.எம். பெக் முகட்டையும் 5.2 பி.பி.எம். லாக்டைடு முகட்டையும் ஒப்பிட்டுச் சங்கிலி நீளம் கணக்கிடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எந்தச் சூழலுக்கு எது

எம்.பார்ம். ஆய்வு, சில மாத அவகாசம், வாய்வழி நோக்கம் என்றால் சோலுபிளஸ் திடக் கலவையை முதன்மையாகவும் எஃப்127-டி.பி.ஜி.எஸ். கலப்பு மைசெல்லை ஒப்பீட்டுக்காகவும் எடுங்கள். பெக்-பி.எல்.ஏ. வேண்டாம், தயாரிப்பிலேயே காலம் போய்விடும். தோலில் பூசும் ஜெல் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஃப்127 மைசெல்லாகவும் ஜெல்லாகவும் ஒன்றாகவே வருகிறது. செல் வளர்ப்பில் மட்டும் சோதிக்க எஃப்127 போதும், ஊடகம் 37 டிகிரியில் இருப்பதால். ஊசிதான் குறிக்கோள் என்றால் மட்டுமே பெக்-பி.எல்.ஏ.; அதையும் பாலிமர் தயாரிப்பு தெரிந்த ஒருவர் கூட இருந்தால் மட்டும். சோலுபிளஸ் வாய்வழித் துணைப்பொருள், ஊசிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

மைசெல்லே தேவையா என்பதையும் கேட்டுவிட வேண்டும். மருந்தளவு சில மி.கி. மட்டும் என்றால் மருந்தைத் தன் குழிக்குள் ஏற்கும் சர்க்கரை வளையமான ஹைட்ராக்சிபுரொப்பில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் குறைந்த வேலையில் முடித்துத் தரும், அதற்கு சி.எம்.சி. என்ற தொல்லையும் கிடையாது. குர்குமினைப் பொறுத்தவரை கரைதிறன் மட்டும் தடை அல்ல. குடல் சுவரும் கல்லீரலும் அதை வேகமாக மாற்றிவிடுகின்றன; எந்த மைசெல்லும் அந்த வேதிமாற்றத்தை நிறுத்தப்போவதில்லை.

செய்யும்போது, அளக்கும்போது

படலமுறை கெடுவது பெரும்பாலும் ரோட்டரி எவாப்பரேட்டரில். குளியல் 60, ஆவி 40, குளிர்நீர் 20 டிகிரி என்று இருபது இருபதாக இடைவெளி வேண்டும். கோடையில் ஈரோட்டுக் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும், அசிட்டோன் குளிராமல் நேரே பம்புக்குப் போகும். குளிரூட்டி இல்லாவிட்டால் ஐஸ் வாளியில் சிறு சப்மெர்சிபிள் பம்பை இறக்கிச் சுழற்சியில் விடுங்கள். கோவைக்காரர்களுக்குப் பம்பு கிடைப்பதில் குறையே இல்லை. போர்வெல் தண்ணீரைக் கண்டென்சரில் ஓட்டினால் உப்புப் படியும். மைசெல்லுக்கான தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவே இருக்கட்டும். குடுவை சிறிதாக இருந்தால் படலம் தடித்து வளையமாகும், உள்ளே கரைப்பான் தங்கும். மருந்தில் மிஞ்சும் கரைப்பானுக்கான எச்ச வரம்புகளை மறக்காதீர்கள்: எத்தனால், அசிட்டோன் 5,000 பி.பி.எம்., மெத்தனால் 3,000, டைகுளோரோமீத்தேன் 600, அசிட்டோநைட்ரைல் 410, குளோரோஃபார்ம் வெறும் 60. முதல் நாளிலிருந்தே குளோரோஃபார்மைத் தொடாதிருந்தால் கடைசியில் வருந்த வேண்டியதில்லை. குடுவை முழுக்க அலுமினியத் தாள் சுற்றுங்கள், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது.

உறைய வைத்து உலர்த்தும்போது பெக் படிகமாகி மைசெல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். 5 முதல் 10 சதவீதம் ட்ரெஹலோஸ் அல்லது சர்க்கரை சேர்த்து, உலர்த்தும் முன்னும் திரும்பக் கரைத்த பின்னும் அளவைப் பார்த்து, இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

மருந்தளவு காண, மைசெல்லை மெத்தனாலில் உடைத்து 425 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். மில்லிக்கு 1 மைக்ரோகிராம் குர்குமினுக்கு ஒளி உறிஞ்சல் ஏறத்தாழ 0.16. மில்லிக்கு 1 மி.கி. கரைசலை 250 மடங்கு நீர்த்தால் 0.64 வர வேண்டும். 0.22 மைக்ரான் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அளங்கள்: முன்னால் 0.64, பின்னால் 0.40 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரையாமல் மிதந்திருக்கிறது, அல்லது வடிகட்டியே பிடித்துக்கொண்டது. எது என்று அறிய, மெத்தனாலில் கரைத்த குர்குமினையும் அதே வடிகட்டியில் ஓட்டிப் பாருங்கள்; வடிகட்டி மெத்தனாலைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். 95 சதவீதச் சாறு என்பது மூன்று குர்குமினாய்டுகளின் கூட்டுத்தொகை. நிலைத்தன்மை ஆய்வுக்கு மூன்றையும் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. வேண்டும், ஏனென்றால் மூன்றும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை.

அளவு காட்டும் ஒளிச்சிதறல் கருவியில் 633 நானோமீட்டர் சிவப்பு லேசர் இருந்தால் குர்குமின் நிறம் குறுக்கிடாது. ஆனால் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும்: 300 நானோமீட்டர் துகள் ஒன்று, 30 நானோமீட்டர் மைசெல் பத்து லட்சத்துக்குச் சமமாகச் சிதறும். 300-இல் ஒரு முகடு வந்தால் பயப்படும் முன் வடிகட்டி மறுபடி பாருங்கள். புதிதாகச் செய்த கரைசலின் தெளிவை நம்பாமல் 72 மணி நேரம், 30 டிகிரியிலும், எஃப்127 அல்லாதவற்றை 4 டிகிரியிலும் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது, மைசெல்லிலிருந்து மருந்து எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்க்கும் வெளியீட்டுச் சோதனை. 12–14 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் மைசெல், வெளியே பி.எச். 7.4 பாஸ்பேட் தாங்கல் கரைசல், 37 டிகிரி. எட்டு மணி நேரத்தில் 40 சதவீதம் வந்து நின்றுவிட்டது, ‘நீடித்த வெளியீடு’ என்று எழுதுகிறார்கள். சீரம் இல்லாத பாஸ்பேட்டில் அந்த வெப்பத்தில் வெளியே வந்த குர்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துவிடும். நின்றது வெளியீடு அல்ல. வெளியே வந்தது காணாமல் போகிறது. வெளி ஊடகத்தில் 0.5 சதவீதம் ட்வீன் 80 சேருங்கள், அஸ்கார்பிக் அமிலமும் சேருங்கள். கரைப்பானில் கரைத்த வெறும் குர்குமினைத் தனிப் பையில் கட்டி அதே கோப்பையில் ஓட்டி, பைச் சவ்வே எவ்வளவு தாமதிக்கிறது என்று பாருங்கள். முடிவில் பையை அறுத்து உள்ளே மிஞ்சியதையும் அளங்கள். வெளியே வந்ததும் உள்ளே இருப்பதும் கூட்டினால் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த வளைகோட்டை அறிக்கையில் சேர்க்காமல், ஊடகத்தை மாற்றிச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.